கொல்லையில எலை கொட்டுதா? வெளக்கமாறு, வாரி, ப்ளோயர்: எதை வாங்குறது, எதை விடுறது

தை பொறந்தா எங்க கொல்லை வேப்பமரம் கொட்ட ஆரம்பிச்சிரும், மாசி முடியற வரைக்கும் ஓயாது. காலையில கதவைத் தொறந்தா கெணத்து வலை மேல, துணிக்கொடி மேல, மோட்டார் கொட்டாய் தகரத்து மேல எல்லாம் எலை. சென்னையில ஃப்ளாட்ல இருந்த வரைக்கும் இதெல்லாம் ஒரு வேலைன்னே எனக்குத் தெரியாது. அப்பா தவறுனதுக்கு அப்புறம் ஊரோட வந்து சேந்தேன், கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவுல ஒரு சின்ன ஊரு, வந்த மொத வாரமே அம்மா எடது கையை முதுகுல வச்சுக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு கூட்டுறதப் பாத்துட்டு, சரி இதுக்கு எலைய காத்தால ஊதித் தள்ளுற ப்ளோயர் மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டுருவோம்னு கெளம்புனேன். அந்த மெஷின் வருஷத்துல பத்து மாசம் பரண்லதான் கெடக்கு.

நாலு வருஷத்துல நான் வாங்குனது, ஒடச்சது, எரவல் வாங்குனது, திட்டு வாங்குனது எல்லாத்தையும் சேத்து எழுதுறேன். புதுசா கொல்லையோட வீடு கட்டி வர்றவங்களுக்கும் என்ன மாதிரி ஊருக்குத் திரும்புறவங்களுக்கும் காசு மிச்சமாவும்.

மொதல்ல கடைக்குப் போவாதீங்க, கொல்லைக்குப் போங்க

ஒரு நாள் காலையில சும்மா சுத்தி வாங்க. நாலு விஷயம் பாக்கணும்.

எவ்வளவு எடம். நம்ம பக்கம் பெரியவங்க இன்னமும் குழி, மா கணக்குலதான் சொல்லுவாங்க, 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, அது 33 சென்ட்டு வரும். எங்க கொல்லை அரை மா, அதாவது பதினாறு பதினேழு சென்ட்டு. வாசல் மட்டும் சிமெண்டு, ரெண்டு சென்ட்டு. அஞ்சு சென்ட்டுக்குள்ளதான் மொத்த எடமும்னா உங்களுக்கு மெஷினே வேணாம், கீழ இருக்குற வெளக்கமாறு, வாரி (லீஃப் ரேக்), படுதா (தார்ப்பாய்) வரைக்கும் படிச்சிட்டு மிச்சத்த விட்டுறலாம்.

என்ன தரை. சிமெண்டு, பேவர் பிளாக், கடப்பாக்கல்லுன்னா எது வச்சுக் கூட்டுனாலும் வரும். ஆத்தங்கரை ஓரத்து மணல் தரைன்னா வெளக்கமாறு எலையோட மணலையும் சேத்து இழுக்கும், ஒரு வருஷத்துல வாசல் ஒரு பக்கம் பள்ளம் ஒரு பக்கம் மேடு ஆயிரும். களிமண்ணுன்னா மழையில வழுக்கும், பங்குனியில பாளம் பாளமா வெடிக்கும், வெடிப்புக்குள்ள விழுந்த எலைய எந்த மெஷினும் எடுக்காது, அத விட்டுருங்க, மண்ணுக்கு நல்லதுதான்.

என்ன எலை. இதுதான் நெறைய பேரு யோசிக்காத விஷயம். வேப்பெலை, புளிய எலை, முருங்கை எல்லாம் பொடி, வாரியோட பல்லு எடுக்காது, நழுவிப் போயிரும், ஈர்க்குமாறுதான் புடிக்கும். மாவெலை, பலாவெலை தடியா கனமா இருக்கும், வெளக்கமாத்தால தள்ளுனா கை வலிச்சிரும், அதுக்கு வாரி. வாதாமரம் வருஷத்துக்கு ரெண்டு தடவ செவப்பா மாறி மொத்தமா உதுக்கும், எலை ஒண்ணொண்ணும் தட்டு சைஸ்ல, ஆனா காஞ்சா லேசு, வாரியும் சரி, ப்ளோயரும் சரி. மூங்கில் எலை ஈரத்துல தரையோட ஒட்டிக்கும், காய விட்டுத்தான் கூட்டணும். தென்னை மட்டை, பாளை, கொரும்பை இதெல்லாம் கூட்டுற கணக்குலயே வராது, கையால பொறுக்கி ஓரமா போட்டுட்டு அப்புறம் கூட்ட ஆரம்பிங்க. நான் மொதல்ல மட்டையோட சேத்து வாரிய இழுத்துத்தான் ரெண்டு பல்லு ஒடச்சேன்.

நாலாவது, கூட்டுனத எங்க கொண்டு போயி போடப் போறீங்க. இதுக்குப் பதில் தெரியாம ஒரு சாமானும் வாங்காதீங்க. ஒரு நாள் அம்மா கூட்டுறப்ப செல்லுல டைம் வச்சுப் பாத்தேன், கூட்டிக் குமிக்க 25 நிமிஷம், அத அள்ளி கொல்லைக் கடைசில இருக்குற எருக்குழிக்குக் கொண்டு போயி கொட்ட 50 நிமிஷம். நானோ கூட்டுறதுக்குத்தான் மெஷின் தேடிக்கிட்டு இருந்தேன், வேலையில மூணுல ரெண்டு பங்கு அள்ளுறதுலயும் தூக்குறதுலயும் இருக்கு, அதுக்கு மெஷினு ஒண்ணும் பண்ணாது.

வெளக்கமாறு

தென்ன ஈர்க்குமாறுதான், வேற பேச்சே இல்ல. கடையில விக்கிற பிளாஸ்டிக் தொடப்பம் மண் தரையில ஒரு மாசம் தாங்காது, பூந்தொடப்பம் வீட்டுக்குள்ள தூசிக்கு. வாங்குறப்ப என்ன பாக்கணும்னா, அடிய புடிச்சு ஒரு உலுக்கு உலுக்குங்க, ஒரு ஈர்க்கு கூட கழண்டு வரக்கூடாது. ஒரு எடத்துல மட்டும் கட்டுனத விட ஒரு சாண் இடைவெளியில ரெண்டு கட்டு போட்டது ஒழைக்கும். ஈர்க்கு கருத்துப் போயி பூஞ்சை வாசம் வந்தா வேணாம், ஈரத்தோட கட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், பட்டு பட்டுன்னு ஒடியும்.

கொல்லையில தென்னை இருந்தா வாங்கவே தேவையில்ல. ஒரு மட்டையில 200, 250 கீத்து இருக்கும், ஒவ்வொரு கீத்துக்கும் ஒரு ஈர்க்கு, ஆக ரெண்டு மூணு மட்டை இருந்தா ஒரு தடியான வெளக்கமாறு. பச்சையா இருக்குறப்பவே கத்தியால சீவிட்டு ரெண்டு மூணு நாள் வெயில்ல போட்டு, அடிய தரையில தட்டித் தட்டி சமமாக்கி கயித்தால இறுக்கிக் கட்டணும். கட்டுனப்புறம் நடுவுல ஒரு கூரான கட்டையை ஆப்பு மாதிரி அடிச்சு எறக்குனா அப்படியே முறுக்கிக்கும். அம்மா கயித்துக்குப் பதிலா பழைய சைக்கிள் ட்யூப்ப கிழிச்சு சுத்துறாங்க, அது இன்னும் இறுக்கமா நிக்குது. இன்னொரு விஷயம், புது வெளக்கமாத்துல நுனி ரொம்ப மெலிசா ஆடும், வேப்பெலைய தள்ளாம தடவிக் குடுக்கும், நுனியில ரெண்டு விரக்கடை அளவு வெட்டி விட்டா விறைப்பு வந்துரும். தேஞ்சு கட்டமாறு ஆனதும் தூக்கிப் போடாதீங்க, பாசி தேய்க்க அத விட நல்லது இல்ல.

முதுகு வலி உள்ளவங்களுக்கு நீளக் காம்பு. நாலடி சவுக்குக் கம்பு இல்லன்னா ஒரு இன்ச் பி.வி.சி. பைப்ப அடியில சொருகி கம்பி போட்டு முறுக்கிருங்க. நான் அம்மாவுக்கு அப்படித்தான் செஞ்சு குடுத்தேன், ரெண்டு நாள் நின்னுக்கிட்டுக் கூட்டுனாங்க, மூணாம் நாள் பைப்ப உருவிப் போட்டுட்டு, "நின்னுக்கிட்டு கூட்டுனா கூட்டுன மாதிரியே இல்லடா தம்பி"ன்னுட்டாங்க. குனிஞ்சு கூட்டுனா மண்ணுல வளைவு வளைவா கோடு விழும்ல, அந்தக் கோடு வரலையாம். இப்ப அந்த பைப் வெளக்கமாறு எனக்கு.

வாரி

விசிறி மாதிரி விரிஞ்ச பல்லு வச்சது, கடையில லீஃப் ரேக்னு கேளுங்க. மண்ணு கெளறுற இரும்பு முள்வாரிய எடுத்துக் குடுத்துருவாங்க, அது வேணாம், அது கொல்லையையே உழுதுரும். பிளாஸ்டிக்குல வருது, ஸ்பிரிங் கம்பியில வருது. பிளாஸ்டிக்கு லேசு, சிமெண்டுல கீறாது, ஆனா வெயில்ல போட்டு வச்சா ஒரே கோடையில அப்பளமா ஒடியும், வேலை முடிஞ்சதும் உள்ள கொண்டு போயி மாட்டணும். ஸ்பிரிங் கம்பி வருஷக்கணக்குல வரும், துருப்புடிக்காம எண்ணெய் தொட்டு வைங்க. நான் ஓட்டு போடுறது ஸ்பிரிங் கம்பிக்குத்தான், அதுலயும் விரிச்சு சுருக்கிக்கிற மாதிரி வர்றது, செடிக்கு நடுவுல சுருக்கிக்கலாம், தெறந்தவெளியில விரிச்சுக்கலாம்.

பல்லோட நுனி உள்பக்கமா மடங்கியிருக்கணும், நேரா கூரா இருந்தா மாவெலை எல்லாம் கறித்துண்டு மாதிரி அதுல குத்தி நிக்கும், நாலு இழுப்புக்கு ஒரு தடவ நின்னு புடுங்கிக்கிட்டு இருக்கணும். காம்பு நிமுந்து நின்னா உங்க தாடைக்கு வரணும், அதுக்குக் கம்மின்னா குனிய வைக்கும். தலையும் காம்பும் சேர்ற எடத்துல ஒரே ஒரு ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க, அங்கதான் மொதல்ல ஆடும், நான் வாங்குன அன்னைக்கே ஒரு ஓட்டை கூடுதலா போட்டு போல்ட் நட்டு போட்டுட்டேன். இழுக்குறப்ப அழுத்தாதீங்க, பல்லு தரைய தடவுனா போதும், அழுத்துனா மணலுதான் வரும்.

படுதா, பழைய புடவை, சாக்கு

இதுதான் நான் சொல்ல வந்ததே. ப்ளோயர் வாங்குற காசுல பத்துல ஒரு பங்கு கூட ஆவாது, வேலைய பாதியாக்குனது இதுதான்.

எட்டுக்கு எட்டு அடியில ஒரு படுதா, அவ்வளவுதான். எலைய குமியல் குமியலா வச்சுட்டு ஒவ்வொண்ணா கூடையில அள்ளாதீங்க. படுதாவ பக்கத்துல விரிச்சு குமியல அது மேல வாரியால தள்ளுங்க, அத இழுத்துக்கிட்டு அடுத்த குமியலுக்குப் போங்க, ரொம்புனதும் நாலு மூலையையும் சேத்துப் புடிச்சு தரையோட இழுத்துக்கிட்டே எருக்குழிக்கு. காஞ்ச எலைக்கு கனமே இல்ல, எடத்தத்தான் அடைக்கும், அன்னக்கூடையில பன்னண்டு நடை போறது படுதாவுல ரெண்டே நடை. அம்மாவோட 50 நிமிஷம் இப்ப 15 நிமிஷம்.

நெல்லு காயப்போடுற தடி படுதா வேணாம், அது கனம். 90லேருந்து 120 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்ங்கற கணக்கு) போதும், கடையில அந்த நம்பரச் சொல்லிக் கேளுங்க. ஒரு சங்கடம் என்னன்னா, எலை கொட்டுற தை மாசிதான் சம்பா அறுவடையும், வீட்டுல இருக்குற படுதா பூரா களத்துக்குப் போயிரும், எலைக்குன்னு கேட்டா சிரிப்பாங்க. அதனால தனியா ஒண்ணு வாங்கி ஒளிச்சு வைங்க. எங்கிட்ட இருக்குறது 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப பட்டுக்கோட்டை பக்கத்துல எங்க சித்தப்பா கூரைக்குப் போட்ட படுதா, அவர் வீட்டச் சரி பண்ணுனதும் எனக்கு வந்துச்சு, ஓட்டை எல்லாம் இருக்கு, எலைக்கு ஓட்டை ஒரு பொருட்டே இல்ல.

படுதா இல்லன்னா பழைய நூல் புடவை. எங்க அப்பாயி காலத்துல அதுதான், நாலு முனையையும் முடிஞ்சு தலையில வச்சுக்கிட்டுப் போயிருவாங்க. சாக்குல அள்ளணும்னா சாக்கு வாய் மூடிக்கிட்டே இருக்கும், அதுக்கு அடி போன அன்னக்கூடை ஒண்ண வாய்க்குள்ள சொருகிடுங்க, தொறந்தே நிக்கும். கையால அள்ளாதீங்க, ரெண்டு கையிலயும் ஒவ்வொரு பழைய மொறத்த வச்சு நண்டு மாதிரி ரெண்டு பக்கமும் அணைச்சுத் தூக்குங்க, ஒரு அள்ளுல பெரிய குமியல் வந்துரும்.

இப்ப ப்ளோயர்

இவ்வளவு படிச்சும் மெஷின் வேணும்னு தோணுதுன்னா, யாருக்கு வேணும்னு சொல்றேன். சிமெண்டோ பேவரோ பெரிய எடமா போட்டவங்க, கல்யாண மண்டபம் வச்சிருக்கவங்க, சரளைக்கல்லு கொட்டுன தோட்டம் இருக்கவங்க, மொட்டைமாடி பூரா எலை விழுறவங்க. சும்மா மண்கொல்லைக்கு வேணாம், எலை பறக்குறதுக்கு முன்னாடி புழுதி பறக்கும்.

அட்டையில ரெண்டு நம்பர் போட்டுருப்பான், காத்தோட வேகம், காத்தோட அளவு. கடைக்காரர் வேகத்தத்தான் சொல்லி விப்பாரு. வேகம் தரையில ஒட்டுன எலைய கெளப்புறதுக்கு, குமியல தள்ளிக்கிட்டுப் போறது அளவு. மூக்கு சின்னதா இருந்தா எந்தக் காத்தாடியும் வேகமாத்தான் அடிக்கும், சைக்கிள் பம்ப்பு கூட. அதனால அளவப் பாருங்க, நிமிஷத்துக்கு எத்தனை கன மீட்டர்னு போட்டுருக்கும், சில அட்டையில சி.எஃப்.எம்.னு, அதாவது நிமிஷத்துக்கு எத்தனை கன அடின்னு இருக்கும், ஒரு கன மீட்டர் 35 சி.எஃப்.எம்.னு வச்சுக்கங்க. கையில புடிக்கிற சின்ன கரண்டு ப்ளோயர் மூணு கன மீட்டர் அளவுல அடிக்கும், கையில புடிக்கிற நல்ல பெட்ரோல் மெஷின் பன்னண்டு பதிமூணு அடிக்கும். வித்தியாசம் புரியுதுல்ல.

கரண்டு ப்ளோயர் ஹார்டுவேர் கடையிலயே தொங்கும், 500, 600 வாட்டு, ஏ.சி. மெக்கானிக்கு தூசி ஊத வச்சிருப்பாரே அதேதான். மூணு ஆம்பியர் கூட இழுக்காது, சாதா பிளக்குல ஓடும். வாசல், திண்ணை, மாடி, மெத்தைப்படி இதுக்கெல்லாம் தாராளம். எலைய உறிஞ்சி நறுக்கி பையில போடுற பெரிய மெஷினும் வருது, 2500, 3000 வாட்டு, அது 11லேருந்து 13 ஆம்பியர், அதுக்கு 15 ஆம்பியர் பிளக் வேணும், எக்ஸ்டென்ஷன் ஒயரும் தடியா வேணும். ஒயர சுருட்டி வச்ச மேனிக்கே ஓட்டாதீங்க, சுருள் சூடேறி உருகும், முழுசா பிரிச்சுப் போட்டுட்டுத்தான் ஓட்டணும். ஈரத் தரையில கரண்டு மெஷினே வேணாம், வீட்டு மெயின்ல ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா தானா ஆஃப் ஆவுற சுவிட்சு) இருக்கான்னும் பாத்துக்கங்க. அந்த உறிஞ்சுற மெஷின்ல நம்மூர் கொல்லைக்கு ஒரு கோளாறு இருக்கு, எலையோட சேந்து வேப்பங்கொட்டை, ஓட்டாஞ்சில்லு, சுள்ளி எல்லாம் உள்ள போயி எறக்கைய ஒடச்சிரும், ஈர எலைன்னா குழாயே அடைச்சிக்கும்.

பேட்டரி மெஷின் சத்தம் கம்மி, ஒயர் தொல்லை இல்ல, கை வலிக்காது. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, 18 வோல்ட் 4 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா பெருக்குனா 72 வாட் ஹவர், மெஷினு ஃபுல் ஸ்பீடுல 300 வாட் இழுத்தா கால் மணி நேரத்துக்குள்ள செத்துரும். அப்புறம் சார்ஜ் போட்டுட்டு உக்காந்திருக்கணும், அந்த நேரம் பாத்து கரண்டு போவும். ஏற்கனவே அதே கம்பெனி டிரில்லோ கட்டரோ வச்சிருந்து பேட்டரி ஒத்துப்போச்சுன்னா மட்டும் வாங்குங்க, அப்ப நல்ல வாங்கல்.

பெட்ரோல் மெஷின்தான் நான் வாங்குனது. ரெண்டு ஸ்ட்ரோக்கு, பெட்ரோல்ல ஆயில் கலக்கணும், 50க்கு 1ன்னா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1ன்னா 40 மில்லி, எதுன்னு மெஷின் புத்தகத்துல போட்டுருக்கும், கடைப்பையன் வாய்க்கு வந்தத சொல்லுவான் நம்பாதீங்க. ஆயில் கம்மியானா பிஸ்டன் புடிச்சிக்கும், ஜாஸ்தியானா பொகையா கக்கும். சீசன் முடிஞ்சதும் டேங்க்குல பெட்ரோல வச்சுட்டு பரண்ல போட்டா அடுத்த தைக்கு ஸ்டார்ட் ஆவாது, இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது ஈரத்த இழுக்கும், கார்ப்பரேட்டர்ல பிசினு மாதிரி படிஞ்சிரும். டேங்க்க காலி பண்ணிட்டு மெஷின் தானா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டு அப்புறம் வைங்க. எனக்கு மொத வருஷமே இந்தப் பாடம், கார்ப்பரேட்டர் கிளீன் பண்ணவே தஞ்சாவூருக்கு ரெண்டு நடை.

வாங்குறதுக்கு முன்னாடி கடையில ஒண்ணு கேளுங்க: ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு, பிரைமர் பல்பு (ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அமுக்கி பெட்ரோல் ஏத்துற ரப்பர் குமிழ்) இந்த மூணும் ஸ்டாக் இருக்கா, காட்டுங்கன்னு. காட்டலைன்னா எவ்வளவு மலிவுன்னாலும் வெளிய வந்துருங்க.

மொத நாள் நடந்ததச் சொல்லிடுறேன். பொங்கல் முடிஞ்ச வாரம், காலையில ஏழு மணி, புது மெஷின் சந்தோஷத்துல ஃபுல் த்ராட்டில்ல வாசல்லேருந்து தெருப்பக்கமா அடிச்சேன். எலை பறந்துச்சு பாருங்க, அப்படி ஒரு அழகு. நிமுந்து பாத்தா எதிர்வீட்டு அத்தை இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்க அப்பதான் போட்டு முடிச்ச கோலத்துல பாதி இல்ல, பாதி மேல எங்க வேப்பெலை, திண்ணையில ஒணத்துன நெல்லு மேல பூரா புழுதி. "ஏந்தம்பி, ஒன் மெஷினு எலைய அள்ளுதா, இல்ல எங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கிதா?" அவ்வளவுதான் கேட்டாங்க. அன்னைக்கு அவங்க வாசலயும் நானே கூட்டுனேன், நெல்ல அவங்களும் அம்மாவும் சேந்து திரும்பப் புடைச்சாங்க. மெஷின அம்மா ஒரு பார்வை பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல.

அதுக்கப்புறம் கத்துக்கிட்டது: காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு முதுகு காட்டி நின்னு, செவுத்தோரத்துலேருந்து உள்பக்கமா, நம்ம படுதாவ நோக்கித் தள்ளணும். பாதி த்ராட்டில் போதும். மூக்க தரையோட ஒட்டுன மாதிரி சாச்சுப் புடிச்சு, தண்ணி தெளிக்கிற மாதிரி எடமும் வலமும் வீசணும். முன்னாடியே லேசா தண்ணி தெளிச்சா புழுதி அடங்கும், ஜாஸ்தி தெளிச்சா எலை ஒட்டிக்கும். தை மாசத்துப் பனியில நனஞ்ச எலை ஒம்பது மணிக்கு மேலதான் கெளம்பும், அதுக்குள்ள தெருவுல எல்லாரும் முழிச்சிருப்பாங்க, சண்டையும் இல்ல. காதுக்குப் பஞ்சு பத்தாது, காது மூடி வாங்குங்க, பெட்ரோல் மெஷின் காதுகிட்ட 90 டெசிபலுக்கு மேல போவும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

இன்னொரு வழி இருக்கு. முதுகுல மாட்டிக்கிட்டு மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயர், அந்த மிஸ்ட் ப்ளோயர் டைப்பு, நெறைய வெவசாயி வீட்டுல இருக்கும். அதுக்குள்ள இருக்குறதும் காத்தாடிதான், மருந்து டேங்க்க காலி பண்ணி குழாய மூடிட்டா அதுவே எலைய தள்ளும். ஆனா சோப்பு போட்டு மூணு தடவ நல்லா கழுவாம மனுஷங்க பொழங்குற வாசல்ல அத காட்டாதீங்க, குழாயில நிக்கிற ஒரு சொட்டு மருந்து கூட காத்தோட கலந்து வரும், புள்ளைங்க வெளாடுற எடம்.

தள்ளிக்கிட்டுப் போனா எலைய கூட்டி பையில போடுற சக்கரம் வச்ச வண்டி ஒண்ணு வீடியோவுல காட்டுறாங்க. அது புல்தரைக்கு, நம்ம மேடு பள்ளத்துக்கு ஆவாது.

குமியல்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி

வயக்காட்டுல அறுவடை முடிஞ்சா எலிய தேடி பாம்பு வீட்டுப் பக்கம் வரும், இது டெல்டாவுல இருக்கறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, ஊருக்குப் புதுசா வர்றவங்களுக்குச் சொல்றேன். கண்ணாடி விரியன் காஞ்ச எலைக்குள்ள சுருண்டு கெடந்தா ரெண்டடி பக்கத்துல நின்னு பாத்தாலும் தெரியாது, அதோட ஒடம்புல இருக்குற வட்டமே சருகு மாதிரிதான் இருக்கும். ரெண்டு நாளைக்கு மேல கெடந்த குமியல மொதல்ல நீளக் கம்பால ரெண்டு தட்டு தட்டிட்டு, வாரியால உங்களுக்கு எதிர்ப்பக்கமா பிரிங்க. ரப்பர் பூட்ஸ் போடுங்க, செருப்பு பத்தாது. தேளும் பூரானும் சாக்குக்கு அடியில இருக்கும். கடிச்சிருச்சுன்னா கட்டு போடாதீங்க, கீறாதீங்க, கடிச்ச காலோ கையோ ஆட்டாம வச்சு 108க்குப் போன் பண்ணி நேரா ஜி.ஹெச்., பார்வை பாக்குறவர்கிட்ட போயி நேரத்த விட்டுறாதீங்க.

அள்ளுனத என்ன பண்றது

கொளுத்தாதீங்க. தெருவுலயும் பொது எடத்துலயும் குப்பை கொளுத்தக் கூடாதுன்னு 2016லயே விதி போட்டாச்சு, அது ஒரு பக்கம், மாசி மாசத்துல ஒவ்வொரு வீட்டு ஓரத்துலயும் வைக்கப்போர் இருக்கு, ஒரு பொறி பறந்தா போச்சு.

தென்னை இருந்தா கவலையே இல்ல, மரத்தச் சுத்தி ஆறடிக்கு வட்டம் எடுத்து அதுல பரப்பிருங்க, ஈரம் நிக்கும், களை வராது. திருக்காட்டுப்பள்ளி பக்கம் இளங்காட்டுல பொறந்த இயற்கை வெவசாயி நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா போயி மூடாக்கு மூடாக்குன்னு சொன்னது இதத்தான். மரத்தண்டுல ஒட்டாம ஒரு அடி தள்ளிப் போடுங்க, வீட்டுச் செவுத்தோரம் போடவே போடாதீங்க, கரையான் ஏறும்.

எருக்குழியில போடுறவங்க சாணித்தண்ணி தெளிச்சு, பச்சையா ஏதாவது கலந்து, மாசத்துக்கு ஒரு தடவ பொரட்டணும். மாவெலையும் தேக்கெலையும் மக்க நாளாவும், வேப்பெலை சீக்கிரம் மக்கிரும். பொரட்டுறது எருவுக்கு மட்டும் இல்ல, காண்டாமிருக வண்டு முட்டை போடுறதே மக்குன எருக்குழியிலதான், வெள்ளையா தடியா சுருண்ட புழு கெடந்தா பொறுக்கி கோழிக்குப் போடுங்க. அத விட்டா வண்டா மாறி உங்க தென்னங்குருத்தத்தான் தொளைக்கும், விரிஞ்ச மட்டையில கத்தரிக்கோலால வெட்டுன மாதிரி முக்கோணம் முக்கோணமா தெரிஞ்சா அதுதான்.

ஐப்பசிக்கு முன்னாடி ஒரு தடவ

தை மாசி எலைய விட மோசம் மழைக்கு முன்னாடி மாடியில கெடக்குற எலை. வடகெழக்கு பருவமழை ஐப்பசியில புடிச்சா விடாது, மாடித் தண்ணி போற குழாய் வாய்ல நாலு மாவெலை போதும் அடைக்க. ஓட்டு வீட்டுல தகர வாரியும் (கூரைத் தண்ணி ஓடுற தகரக் கால்வா), முத்தம் வச்ச வீட்டுல தூம்பும் இதே கதை. புரட்டாசி கடைசி வாரம் மாடி ஏறி ஒரு தடவ சுத்தம் பண்ணிட்டு குழாய் வாய்க்கு ஒரு கம்பி வலை வைங்க. இங்கதான் அந்தப் பெட்ரோல் ப்ளோயரு நெசமா ஒதவுது, எங்க மொட்டைமாடி அஞ்சு நிமிஷத்துல முடியுது, தகர வாரிக்குள்ள கெடக்குறதையும் ஏணியில நின்னு ஊதிடலாம்னு நெனச்சு ஒரு தடவ ஏறுனேன், மெஷின் தள்ளுற தள்ளுல ஏணி ஆடுது, எறங்கிட்டேன். அதுக்கு கம்புல கட்டுன கட்டமாறுதான்.

இப்பவே கடைக்குக் கெளம்புறீங்கன்னா மொதல்ல ஒரு ஈர்க்குமாறு, ஒரு ஸ்பிரிங் வாரி, ஒரு படுதா, பூட்ஸு. ஒரு தை மாசி அத வச்சு ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறமும் சிமெண்டு எடம் கை மீறிப் போச்சுன்னா கரண்டு ப்ளோயர். பெட்ரோல் மெஷின் வேணும்னா வாங்காதீங்க, எங்க ஊரு பக்கம்னா வந்து என்னுத எடுத்துட்டுப் போங்க, புரட்டாசியில மட்டும் திருப்பிக் குடுத்துருங்க.